காரின் கருப்புப் பிளாஸ்டிக்கில் ஒட்டிய பாலிஷ், வாக்ஸ் கறையை எடுக்கும் முறை

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவோரம் நிற்கும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பளபளக்கத் தொடங்கும். பூஜை முடிந்து, சந்தனமும் குங்குமமும் கழுவப்பட்ட பிறகு, அதே கார்களின் பம்பர் ஓரத்திலும் கதவுப் பட்டையிலும் சுண்ணாம்புக் கையால் தொட்டது போன்ற வெள்ளைத் திட்டுகள் தெரிய ஆரம்பிக்கும். பெயின்ட்டுக்காகப் போட்ட பாலிஷும் வாக்ஸும் பக்கத்திலுள்ள கருப்புப் பிளாஸ்டிக்கின் மேல் ஏறிக் காய்ந்துவிட்டதன் அடையாளம் அது. என் காருக்கும் ஓர் ஆண்டு அப்படி நேர்ந்தது. வேலையை ஒரு கடையில் கொடுத்திருந்தேன். பூஜை நெருக்கடியில் அவர்கள் டேப் ஒட்டாமலேயே பாலிஷ் மெஷினை ஓட்டியிருந்தார்கள். நான்கு கதவுகளின் அடிப்பட்டையிலும், வைப்பருக்குக் கீழுள்ள கருப்புத் தட்டிலும், பின்பக்க பம்பரின் விளிம்பிலும் கறை இருந்தது. அதை முழுமையாக எடுக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அவற்றில் முதல் ஞாயிறு தவறான முறையிலேயே கழிந்தது. அதன்பின் உறவினர், அண்டை வீட்டார் கார்களிலும் இதே வேலையைச் செய்து தெரிந்துகொண்டவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கறை எங்கே இருக்கிறது

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, கறை பிளாஸ்டிக்கின் மேலே படிந்திருப்பதாக நினைத்துக்கொள்வதால் நடப்பவை. பெயின்ட் அடிக்காத கருப்புப் பாகங்கள், அதாவது பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவைச் சுற்றிய கிளாடிங், கதவின் குறுக்கே ஓடும் பட்டை, வைப்பரின் அடித்தட்டு போன்றவை, பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கோடு செயற்கை ரப்பரும் டால்க் பொடியும் கலந்து வார்க்கப்படுபவை. கருமைக்காகவும், வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்குவதற்காகவும் அதில் கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூள் சேர்க்கப்படுகிறது. வார்க்கும் அச்சிலேயே அதன் முகத்தைச் சொரசொரப்பாக அமைத்துவிடுகிறார்கள். அப்படியிருந்தால் சிறு கீறல்கள் கண்ணுக்குத் தெரியாது, வெயில் பட்டாலும் கூசாது. கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் அது ஆரஞ்சுத் தோலைப் போல மேடும் பள்ளமுமாகத் தெரியும். நாம் துணியால் துடைக்கும்போது துணி அந்த மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது. வாக்ஸோ பள்ளங்களுக்குள் இருக்கிறது. அழுத்தித் தேய்க்கத் தேய்க்க மேடுகள் தேயுமே தவிர, பள்ளங்கள் காலியாகமாட்டா.

பாலிஷும் வாக்ஸும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாலிஷ் என்பது பெயின்ட்டின் மேல் தோலை நுண்ணளவில் சீவிச் சமப்படுத்தும் பொருள். அதில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற மிக மெல்லிய வெள்ளைப் பொடி, எண்ணெயும் நீரும் கலந்த குழம்பில் மிதந்துகொண்டிருக்கும். ஈரம் ஆவியானதும் அந்தப் பொடி பள்ளங்களில் தங்கிவிடுகிறது. வாக்ஸ் என்பது காப்புப் பூச்சு. பிரேசில் நாட்டில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னாபா மெழுகு அதில் பெயர்பெற்றது. அந்த மெழுகு உருகுவதற்கு ஏறத்தாழ 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை சூடு தேவை. ஆனால் டப்பாவில் வரும் வாக்ஸில் மற்ற மென்மெழுகுகளும் எண்ணெய்களும் கலந்திருப்பதால் அது அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடுகிறது. வழவழப்பான பெயின்ட்டின் மேல் துணியால் துடைத்தெடுக்கும்போது வாக்ஸ் கண்ணாடிபோல் மெல்லிய படலமாகிறது. பள்ளத்துக்குள் துணி போவதில்லை என்பதால், அங்கே அது துடைக்கப்படாத புகைமூட்டமாகவே காய்ந்து ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகிறது. பாலிஷ் தூள்போலவும் வாக்ஸ் பிசுக்காகவும் தங்குவதால், பாலிஷ் கறைக்குப் பிரஷ் முக்கியம். வாக்ஸ் கறைக்குச் சூடு முக்கியம்.

இன்னொரு செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது. மெழுகும் பாலிபுரொப்பிலீனும் இரண்டுமே தண்ணீரை விரும்பாத, எண்ணெய்ச் சார்புடைய பொருள்கள். ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொள்வதற்கு அதுவே காரணம். அதே காரணத்தால், மெழுகை நொடியில் கரைக்கும் பெட்ரோல், மண்ணெண்ணெய், டர்பென்டைன் போன்றவை பிளாஸ்டிக்குக்குள்ளும், அதைவிட அதிகமாக அதில் கலந்துள்ள ரப்பருக்குள்ளும் ஊறிப் போய் அதை உப்பச் செய்கின்றன. ஆகவே மெழுகை இளக்கிப் பள்ளத்திலிருந்து மேலே தூக்குவதும், தூக்கியதை உடனே துணியால் ஒற்றி எடுப்பதும்தான் சரியான வழி. பின்னால் வரும் எல்லா முறைகளும் இந்த ஒரு கருத்தின் மேல் நிற்பவை.

அது வாக்ஸ்தானா?

வடசென்னையில் கருப்புப் பிளாஸ்டிக் வெளுப்பதற்கு வாக்ஸ் மட்டும் காரணமல்ல. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று படிந்து மெல்லிய வெண்மை தரும். அது வெறும் தண்ணீரிலேயே போய்விடும். கடலுக்கு அருகிலுள்ள பல தெருக்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பதால், கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால், துளிகள் நின்ற இடத்தில் வட்ட வட்டமாக வெள்ளை விளிம்புகள் தோன்றும். அது சுண்ணாம்பு உப்பு. சம அளவு தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்து இரண்டு நிமிடம் வைத்தால் இளகும், வாக்ஸோ வினிகருக்கு அசையவே அசையாது. பாகம் முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் நிறமாகி, ஈர வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் கறுப்பு ஒட்டிக்கொண்டால், அது வெயிலில் பிளாஸ்டிக்கின் மேல்தோல் சிதைந்ததன் அறிகுறி. அதற்கு வேறு வைத்தியம்; கறை நீக்கும் வேலை அதைச் சரிசெய்யாது.

வாக்ஸ் கறை எப்போதும் பெயின்ட்டை ஒட்டியிருக்கும். பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் சேரும் கோட்டில் அடர்த்தியாகத் தொடங்கி, துணி இழுத்த திசையிலேயே வால்போல நீண்டு மங்கும். இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால், கறையின் மேல் விரலால் சிறிது தண்ணீரைத் தடவிப் பாருங்கள். கறை அப்படியே மறைந்து, பிளாஸ்டிக் புதிதுபோலக் கருத்துவிடும். தண்ணீர் காயக் காய, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அந்த வெண்மை மெல்லத் திரும்பி வரும். பள்ளங்களை நீர் நிரப்பியதால் ஒளி சிதறுவது சற்று நேரம் நின்றது, அவ்வளவுதான். இந்தக் காட்சியை ஒருமுறை உட்கார்ந்து கவனித்தவர் ஒரு முக்கியமான பாடத்தைப் பிடித்துக்கொள்வார்: ஈரமாக இருக்கும்போது கறை போய்விட்டதாக ஒருபோதும் முடிவுகட்டக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பாகம் முழுவதும் காய்ந்த பின்பே பார்க்க வேண்டும்.

கைக்கு எட்டும் தவறான வைத்தியங்கள்

என் முதல் ஞாயிறு வீணானது தேங்காய் எண்ணெயால். "கொஞ்சம் தேங்கா எண்ணெ தடவி வுட்டா போயிடும்ணா" என்று பக்கத்து வீட்டுத் தம்பி நல்லெண்ணத்தோடு சொன்னார். தடவினேன், கறை போய்விட்டது போலவே இருந்தது. தண்ணீர் செய்த அதே வேலையை எண்ணெய் சற்று நீண்ட நேரம் செய்தது என்பது பிறகுதான் புரிந்தது. நான்கு நாளில் எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசு முழுவதும் அந்த எண்ணெயில் ஒட்டி, வெள்ளைக் கறை பழுப்புக் கறையாக மாறியது. கடலை வெண்ணெயைத் தேய்க்கும் யோசனையும் இப்படித்தான். அதிலுள்ள எண்ணெய் மெழுகைச் சற்று இளக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணெயையும் பருப்புத் துகளையும் பள்ளத்திலிருந்து எடுக்க மறுபடி சோப்பும் பிரஷும்தான் வேண்டியிருக்கிறது. அவற்றை முதலிலேயே எடுத்திருக்கலாம்.

கருப்பு பூட் பாலிஷைத் தடவி மறைப்பது இதைவிட மோசமானது. பூட் பாலிஷே மெழுகும் சாயமும் கலந்த பொருள். வாக்ஸ் கறையின் மேல் இன்னொரு மெழுகை அடுக்குகிறோம் என்பதோடு, காரில் ஏறி இறங்குபவரின் வேட்டியிலும் சேலையிலும் அது ஒட்டும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், இரும்பு நார், சலவை சோடா, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை அருகில்கூடக் கொண்டுவர வேண்டாம். கறைகளை மாயமாக அழிப்பதாக விற்கப்படும் வெள்ளை மெலமின் ஸ்பாஞ்சு உண்மையில் மிக மெல்லிய உப்புத்தாள். அது சொரசொரப்பின் மேடுகளைச் சீவிவிடும். கறை போகும், ஆனால் அந்த இடம் மட்டும் என்றென்றைக்கும் வழவழப்பாக மின்னிக்கொண்டிருக்கும்.

பெயின்ட் கடைத் தின்னரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் சித்தப்பா மகன், வியாசர்பாடியில் வண்டியை நிறுத்திவைத்து, பக்கக் கண்ணாடியின் கருப்புக் கூட்டிலிருந்த வாக்ஸைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தார். மூன்றாவது இழுப்பில் துணி வழுக்காமல் ஒட்டத் தொடங்கியது. துணியின் இழைப் பதிவு அப்படியே பிளாஸ்டிக்கில் இறங்கிவிட்டது. காரணம், கண்ணாடிக் கூடு, முன் கிரில் போன்ற பாகங்கள் பலவும் ஏ.பி.எஸ். என்ற வேறொரு பிளாஸ்டிக்கில் செய்யப்படுபவை. தின்னரில் உள்ள அசிட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். அந்தக் கூட்டைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டியிருந்தது. பாகத்தைக் கழற்ற முடிந்தால் அதன் உட்புறத்தில் என்ன பிளாஸ்டிக் என்பது குறியீடாக அச்சாகியிருக்கும். கழற்ற முடியாதபோது, எல்லாம் ஏ.பி.எஸ். என்றே வைத்துக்கொண்டு நடப்பது பாதுகாப்பு.

தயார் செய்துகொள்வது

நேரம் முதலில். கத்திரி வெயில் நாளின் நண்பகலில் கருப்புப் பிளாஸ்டிக் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அப்போது தெளிக்கும் எதுவும் வேலை செய்வதற்குள் காய்ந்து, புதுக் கறையாக நிற்கும். காலை ஏழு மணிக்குள் தொடங்கிவிடுங்கள், அல்லது மாலையில் நிழல் விழுந்து பாகம் ஆறிய பிறகு தொடங்குங்கள். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். கறை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

தேவையானவை அதிகமில்லை. நரம்பு மிருதுவான பழைய டூத் பிரஷ் இரண்டு, மைக்ரோஃபைபர் துணி நான்கு அல்லது ஐந்து, ஒரு ஸ்ப்ரே பாட்டில், பாத்திரம் கழுவும் திரவம், பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் ஒன்று, தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையர், மாஸ்கிங் டேப், கையுறை. இவற்றோடு ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சிறு பாட்டில் வேண்டும். கைபேசி பழுதுபார்ப்பவர்கள் போர்டு துடைக்க ஐ.பி.ஏ. என்று சொல்லிப் பயன்படுத்துவது இதைத்தான், ரிச்சி தெருப் பக்கம் போனால் கிடைக்கும். மெக்கானிக் கடைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஒத்துவராது; அதன் இழைகள் சொரசொரப்பில் பிய்ந்து மாட்டிக்கொண்டு, கறையைவிட அசிங்கமாகத் தெரியும்.

காரை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். எண்ணூர், மணலிப் பக்கம் நிற்கும் வண்டியென்றால் இதை அலட்சியம் செய்யாதீர்கள். நிலக்கரித் தூசும், அனல்மின் நிலையச் சாம்பலும், சாலை மணலும் சேர்ந்து அங்கே படிவது கூர்மையான துகள். அதன் மேல் பிரஷ் போட்டால் உப்புத்தாள் போட்டது போலத்தான். தேய்க்காமல், குவளையால் மேலிருந்து தண்ணீரை வழியவிட்டு மணலை இறக்கிவிட்டு, அதன்பின் சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, கறையைச் சுற்றியுள்ள பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கறையை எடுக்கப் போடும் பொருள் பெயின்ட்டில் இருக்கும் நல்ல வாக்ஸையும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக இது.

மென்மையிலிருந்து வலிமைக்கு

ஒரு கறையின் மேல் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. மென்மையான முறையில் தொடங்கி, போதவில்லையென்றால் மட்டும் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு சாணுக்கு ஒரு சாண் அளவுள்ள இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முடித்துவிட்டு நகருங்கள். பட்டை முழுவதையும் ஒரே நேரத்தில் நனைத்தால் பாதி காய்ந்துவிடும்.

கறை புதிதாகவும், மெல்லிய கோடாகவும் இருந்தால், காய்ந்த நிலையில் வெள்ளை ரப்பரால் பென்சில் கோட்டை அழிப்பதுபோல் அழியுங்கள். ரப்பர் சொரசொரப்பின் பள்ளத்துக்குள் சற்று இறங்கி, மெழுகைத் தன் துருவலோடு சுருட்டிக்கொண்டு வெளியே வரும். அன்றோ முந்தின நாளோ பட்ட கறை பல வேளைகளில் இதிலேயே போய்விடும். துருவலைக் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். சாயம் ஒட்டும் வண்ண ரப்பர்களையும், மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரையும் தவிர்க்க வேண்டும்.

போகவில்லையென்றால் வெந்நீரும் சோப்பும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரத் திரவம் போதும். தண்ணீர், கையுறையோடு தொட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் இருக்க வேண்டும். ஒரு துணியை அதில் நனைத்து, லேசாகப் பிழிந்து, கறையின் மேல் பத்துப் போடுவதுபோல் இரண்டு நிமிடம் ஒட்டி வைத்திருங்கள். இந்த இரண்டு நிமிடத்தை யாரும் பொறுமையாகக் காப்பதில்லை, ஆனால் வேலையில் பாதி அதில்தான் நடக்கிறது. சூடு மெழுகை இளக்க, சோப்பு அதன் அடியில் நுழைகிறது. துணியை எடுத்ததும் டூத் பிரஷால் சிறு வட்டங்களாக, அழுத்தமில்லாமல், நரம்பின் நுனி மட்டும் படும்படி தேயுங்கள். பிறகு குறுக்காக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை. நுரை பால்நிறமாக மாறுவது தெரியும். அந்தப் பால்நிறம்தான் பள்ளத்திலிருந்து வெளியேறும் பாலிஷ். அது வழிந்து மறுபடி காய்வதற்குள் காய்ந்த துணியை வைத்து ஒற்றி எடுங்கள், இழுத்துத் துடைக்காதீர்கள். இழுத்தால் மேலே வந்ததைப் பக்கத்துப் பள்ளத்துக்குள் தள்ளிவிடுவோம். ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியின் புதுப் பக்கத்தை மடித்துக்கொள்ள வேண்டும்.

காய்ந்த பின்னும் மங்கலாகத் தெரிந்தால் ஆல்கஹால். கடையில் வாங்கியது 99 சதவீதம் என்றால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். 70 சதவீதம் என்றால் அப்படியே பயன்படுத்தலாம். பாகத்தின் மேல் நேரடியாகத் தெளிக்காமல் பிரஷிலோ துணியிலோ நனைத்துக்கொண்டு, முதலில் பம்பரின் அடிப்பக்கம் போன்ற கண்ணில் படாத இடத்தில் தொட்டுப் பார்த்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, நிறம் மாறவில்லை என்று கண்ட பிறகு கறைக்கு வாருங்கள். கெட்டி மெழுகை ஆல்கஹால் அவ்வளவாகக் கரைக்காது என்றாலும், பாலிஷிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும். பிசின்போலப் பிடித்துக்கொண்டிருந்த அந்த எண்ணெய் போனதும் வெள்ளைப் பொடி பிரஷுக்குத் தானாக உதிரும். பாலிபுரொப்பிலீனுக்குள் ஊறாமல் விரைவில் ஆவியாவதால் இது பாதுகாப்பான பொருள். ஆனால் எளிதில் தீப்பற்றும். பூஜைக்காக ஏற்றிய கற்பூரமோ, ஊதுபத்தியோ, பீடி சிகரெட்டோ அருகில் இருக்கக் கூடாது. புதிதாகப் பெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆகாத இடத்திலும், ஸ்டிக்கர் ஓரத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல மாதம் வெயிலில் வெந்து கெட்டியான வாக்ஸுக்குச் சூடு தேவைப்படும். ஹேர் டிரையரைக் கறையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே அரை நிமிடம் காட்டுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் சுருக்கென்று சுட வேண்டும், ஆனால் கையை எடுத்துக்கொள்ளும்படி இருக்கக் கூடாது. அந்தச் சூட்டில் கறையின் வெண்மை ஓரளவு கலங்கி எண்ணெய்போல் மினுங்கும். மினுக்கம் தெரிந்த நொடியில் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியை விரலால் அழுத்தி ஒற்றுங்கள். இளகிய மெழுகைத் துணி உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, மிச்சத்தைச் சோப்பு வெந்நீரும் பிரஷும் எடுக்கட்டும். டிங்கரிங் பட்டறைகளில் உள்ள ஹீட் கன்னை இதற்கு எடுக்க வேண்டாம். அதன் காற்று பல நூறு டிகிரிக்குப் போகக்கூடியது. பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும், அதற்கு முன்பே சொரசொரப்பு படிந்து பளபளப்பாகிவிடும்.

இவை அனைத்துக்கும் மசியாத கறை மிகச் சில. அவற்றுக்குக் கடைசி மருந்தாக, பெயின்ட் கடைகளில் எம்.டி.ஓ. என்ற பெயரில் கிடைக்கும் மினரல் டர்பென்டைனைச் சொல்லலாம். இதை எழுத எனக்குத் தயக்கம் உண்டு. முன்பே சொன்னபடி அது பிளாஸ்டிக்குக்குள்ளும் ஊறும் பொருள். கண்டிப்பாகத் தேவையென்றால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு மட்டும் எடுத்து, கறையை மட்டும் தொட்டு, பத்து எண்ணுவதற்குள் ஒற்றியெடுத்து, அந்த இடத்தை உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். பாட்டிலைச் சாய்த்துத் துணியில் ஊற்றி பட்டை முழுவதும் இழுப்பது இந்த வேலையல்ல. ரப்பர் பீடிங், விளக்குக் கண்ணாடி, ஏ.பி.எஸ். என்று சந்தேகம் வரும் பாகம் ஆகியவற்றில் இது படவே கூடாது.

எந்த முறையானாலும் ஒரே நாளில் மூன்று சுற்றுக்கு மேல் போகாதீர்கள். காயவிட்டு மறுநாள் காலைச் சாய்வெயிலில் பக்கவாட்டாகப் பார்த்தால், நேருக்கு நேர் தெரியாத மிச்சக் கறைகூடத் தெரியும். அதை அடுத்த வாரம் எடுக்கலாம்.

இடத்துக்கு இடம் வேறுபாடு

வைப்பருக்குக் கீழுள்ள தட்டுதான் மிகவும் தொல்லை தருவது. அதன் சொரசொரப்பு ஆழமானது, சல்லடைபோன்ற துளைகள் உண்டு, எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் வாக்ஸ் அங்கே இறுகிவிடுகிறது. அங்கே திரவம் அதிகமாக ஊற்றினால் துளை வழியே காற்று உறிஞ்சும் குழாய்ப் பக்கம் இறங்கும். ஆகவே பிரஷை நனைத்து உதறிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மூலைகளுக்கு, பல்குத்தும் மரக்குச்சியின் நுனியில் மைக்ரோஃபைபரைச் சுற்றிக்கொண்டால் போதும்.

கதவுத் தூண்களில் கண்ணாடிபோல் மின்னும் பளபளப்புக் கருப்புப் பாகங்கள் சில கார்களில் இருக்கும். அவற்றுக்குப் பள்ளமில்லை, வாக்ஸ் மேலேயே இருக்கும். ஈரமான மிருதுவான துணியால் மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். அங்கே பிரஷ் பட்டால் அத்தனையும் கீறல். ரப்பர் பீடிங்கில் ஒட்டியதற்குச் சோப்பு வெந்நீர் மட்டுமே.

கழுவிய பிறகு

கறை எடுத்த இடம் சுற்றியுள்ள இடத்தைவிடச் சற்று வறண்டு, வெளிறித் தெரியலாம். பிளாஸ்டிக் கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். மேலிருந்த எண்ணெய்ப் பசையும் அழுக்கும் போய்விட்டதால் வரும் தோற்றம் அது. குடிநீர் வாரியத் தண்ணீர் ஒரு குடம் இருந்தால் கடைசி அலசலுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் முடித்தால் இப்போதுதான் சுத்தம் செய்த பள்ளங்களில் உப்பு போய் உட்காரும். நன்றாகத் துடைத்து, ஒரு மணி நேரமாவது காற்றாட விட்ட பிறகு, பிளாஸ்டிக் டிரஸ்ஸிங் என்று விற்கப்படும் பூச்சைப் பாகம் முழுவதும், திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராகத் தடவுங்கள். தண்ணீரில் கரைந்த வகையாகப் பார்த்து வாங்குவது என் பரிந்துரை. எண்ணெயாக மினுங்கும் மலிவான சிலிக்கான் வகை, கடையில் பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும், நம் பகுதியின் தூசையும் சாம்பலையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். எதைத் தடவினாலும் பத்து நிமிடம் கழித்துக் காய்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

அடுத்த முறை படாமல் இருக்க

முதலில் பிளாஸ்டிக்குக்கு டிரஸ்ஸிங் போட்டுக் காயவிட்டு, அதன் பிறகு பெயின்ட்டுக்கு வாக்ஸ் போடும் பழக்கத்தை நான் இப்போது கைக்கொண்டிருக்கிறேன். பள்ளங்கள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், தவறிப் பட்ட வாக்ஸ் உள்ளே இறங்காமல் துடைத்தவுடன் வந்துவிடுகிறது. அதற்கு மேல் டேப். பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் ஓர் அங்குல மாஸ்கிங் டேப்பைப் பிளாஸ்டிக்கின் விளிம்பு முழுவதும், வளைவுகளில் சிறு துண்டுகளாகக் கிழித்து, பெயின்ட்டோடு சேரும் கோட்டில் நகத்தால் அழுத்தி ஒட்டுங்கள். டிரஸ்ஸிங் போட்ட இடத்தில் டேப் சரியாக ஒட்டவில்லையென்றால், அந்த விளிம்பை மட்டும் ஆல்கஹால் துணியால் ஒருமுறை துடைத்துக்கொள்ளலாம். வேலையைக் கடையில் கொடுக்கிறீர்கள் என்றால், விலை பேசும்போதே "டேப் ஒட்டிட்டுத்தான் மெஷின் போடணும்" என்று சொல்லி, ஒட்டி முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். நான்கு கதவுக்கும் பம்பருக்கும் கால் மணி நேரம் ஆகும்.

வாக்ஸைத் துடைத்து முடித்த உடனே டேப்பை, ஒட்டிய தளத்தை ஒட்டியவாறே பின்னோக்கி மடித்து மெதுவாக உரியுங்கள். வெயிலில் அதை மணிக்கணக்கில் விட்டுவிட்டால் அதன் பசை இளகிப் பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கிய பசைக்கும் ஹேர் டிரையரின் சூடு, பிறகு ஆல்கஹால் துணி என்ற அதே வரிசைதான்.